முதல் குறுநாவலுக்குக் கதைப்பின்னல்: ஒரு விடுதலைப் பத்திரத்தை வைத்துப் படிப்படியாக

குறுநாவல் எழுதத் தொடங்கும் பலர் நான்காவது அத்தியாயத்தோடு நின்றுபோகிறார்கள். முதல் மூன்றில் ஊரைக் காட்டவும் ஆட்களை அறிமுகப்படுத்தவும் வேலை இருந்தது. அது தீர்ந்த பிறகு கதைக்கு வேலை இல்லை. நல்ல நடை கைவந்தவர்களுக்கு இது இன்னும் அதிகமாக நேர்கிறது. நடையின் தெம்பிலேயே மூன்று அத்தியாயம் ஓட்டிவிட முடிவதால் பின்னல் இல்லாதது அவர்களுக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது.

இங்கே சொல்லும் முறை 20,000 சொற்கள் கொண்ட குறுநாவலுக்கானது. காட்சிக்கு ஏறத்தாழ 1,000 சொல் என்று 20 காட்சிகள். முதல் முயற்சிக்கு இந்த அளவு தோது. சிறுகதையில் பின்னலைப் பழக இடம் போதாது. பெரிய நாவலில் தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்கவே மாதக்கணக்காகும். தேவையானவை தபால் அட்டை அளவில் வெட்டிய 40 அட்டைகள், ஒரு நோட்டு, ஒரு பென்சில். எக்செல் தாளிலும் செய்யலாம். ஆனால் அட்டைகளைத் தரையில் பரப்பி இடம் மாற்றிப் பார்க்கும்போது கண்ணில் படுகிற ஓட்டைகள் திரையில் படுவதில்லை.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு கற்பனைக் கதையைக் கடைசிவரை கொண்டுபோவோம். குடும்ப வீடு, அண்ணன், தங்கை, அம்மா. தமிழ்க் குடும்பங்களில் புதிதே அல்லாத சங்கதி என்பதால்தான் இதை எடுத்திருக்கிறோம். பொருள் பழையதாக இருக்கும்போது பின்னல் என்ன வேலை செய்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.

1. கருவை ஒரு வாக்கியத்தில் அடக்குங்கள்

"பெண்ணுக்கு மறுக்கப்படும் பங்கு" என்பது கரு. அதை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம், மேடையில் பேசலாம், கதை எழுத முடியாது. கதையாக வேண்டுமானால் ஐந்து கேள்விகளுக்கு விடை வேண்டும்: யார், என்ன வேண்டும், யார் தடுக்கிறார், தோற்றால் எது போகும், எத்தனை நாளுக்குள்.

நம் கதைக்கு இப்படி: சிவகாசியில் நோட்டு பைண்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் 48 வயது மல்லிகா, மகள் கவிதாவின் நர்சிங் படிப்புக்காகச் சாத்தூர் வீட்டில் தன் பங்கைக் கேட்கிறாள், கடனில் மூழ்கி வீட்டை விற்க முன்பணம் வாங்கிவிட்ட அண்ணன் தங்கராசு, ஆடிப்பெருக்குக்குள் அவள் விடுதலைப் பத்திரத்தில் (தன் பங்கைக் கூட்டுரிமையாளருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம்) கையெழுத்துப் போட வேண்டும் என்கிறான், கேட்டால் பிறந்த வீடு போகும், கேட்காவிட்டால் மகள் படிப்பு போகும்.

இதில் கவனிக்க வேண்டியவை சில. "என்ன வேண்டும்" என்பதற்கு நிம்மதி, மரியாதை, அன்பு என்று எழுதினால் பின்னல் நகராது. கிடைத்ததா இல்லையா என்று ஒரே பார்வையில் சொல்லக்கூடிய பொருள் வேண்டும்: பணம், கையெழுத்து, சாவி, வேலை உத்தரவு. மரியாதையும் அன்பும் அந்தப் பொருளுக்குள் தாமாக வந்து உட்காரும். அடுத்து, இழப்பு இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழப்பு இருந்தால் மல்லிகா எதைச் செய்வாள் என்று வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

கெடுவைக் கதை நடக்கும் ஊரிலிருந்தே எடுங்கள். "பத்து நாளில் முடிவு சொல்" என்று ஒருவர் மிரட்டுவது பலவீனமான கெடு, ஏன் பதினைந்து நாளாக இருக்கக்கூடாது என்று கேட்கலாம். இங்கே கிரய ஒப்பந்தம் மே மாத நடுவில் எழுதப்படுகிறது, தவணை மூன்று மாதம். ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடுகிறது. ஆடியில் சொத்துப் பதியப் பலர் தயங்குவார்கள், ஆனால் ஆடிப்பெருக்கு அன்று மட்டும் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூட்டம் நெருக்கும். ஆனி முடிவதற்குள் நடக்காவிட்டால் தங்கராசுவுக்கு மிஞ்சுவது அந்த ஒரு நாள். நாள்காட்டியே கெடு வைத்துவிட்டது.

2. எதிராளிக்கு ஒரு பக்கம் கொடுங்கள்

மல்லிகாவைப் பற்றி இன்னும் ஒரு வரிகூட எழுத வேண்டாம். முதலில் தங்கராசு பேசுவதாக 300 சொல் எழுதுங்கள், அவன் வாய்மொழியில். "அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப ஓடுனது யாரு? உனக்கு 20 பவுன் போட்டு அனுப்புனது யாரு? உன் மக காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டாந்தது யாரு? வீட்டுக்கு வரி கட்டுனது, ஓடு மாத்துனது, அம்மாவுக்கு மாத்திரை வாங்குனது எல்லாம் நான். இப்ப பங்குன்னு வந்து நிக்கிறியேம்மா."

படித்து முடிக்கும்போது உங்களுக்கே கொஞ்சம் அவன் பக்கம் சாயத் தோன்ற வேண்டும். தோன்றவில்லையென்றால் திரும்ப எழுதுங்கள். புதியவர்களின் கைப்பிரதிகளில் பின்னல் தளர்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை: எதிராளி கெட்டவனாக இருப்பதால் மட்டுமே கெட்டது செய்கிறான், ஆகவே கதாசிரியருக்கு எப்போது தேவையோ அப்போது செய்கிறான். நியாயம் உள்ள எதிராளி தன் காரணத்தால் நகர்வான். அவன் அடுத்து என்ன செய்வான் என்று நீங்கள் யோசித்துத் திணிக்க வேண்டியிருக்காது.

தங்கராசு ஒரே ஒரு பொய் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். "மல்லிகா சம்மதிச்சிட்டா" என்று அம்மாவிடம் சொல்லி, அம்மா பங்குக்கான விடுதலைப் பத்திரத்தை முன்பே எழுதி வாங்கிவிட்டான். அவன் கணக்கில் அது பொய்கூட இல்லை. தங்கச்சி எப்படியும் போட்டுவிடுவாள் என்று நம்பித்தான் சொன்னான்.

3. முடிவை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்

எங்கே போகிறோம் என்று தெரியாமல் எழுதும் எழுத்தாளர்கள் உண்டு. அவர்கள் பத்துப் புத்தகம் எழுதியவர்கள். முதல் குறுநாவலுக்கு முடிவு கையில் இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்றுக்கு மூன்றாக முடிவு எழுதிப் பாருங்கள். (அ) மல்லிகா கையெழுத்துப் போட்டுவிட்டு அழுதுகொண்டே பஸ் ஏறுகிறாள். (ஆ) வழக்குப் போட்டு வெல்கிறாள், அண்ணன் உறவு முறிகிறது. (இ) அண்ணன் மனம் மாறிப் பங்கைக் கொடுக்கிறான்.

மூன்றாவதை உடனே அடித்துவிடுங்கள். கடைசி முடிவை எடுப்பவர் முதன்மைப் பாத்திரமாக இருக்க வேண்டும், இங்கே எடுப்பது அண்ணன். முதல் இரண்டும் தப்பில்லை, ஆனால் முதல் காட்சியிலேயே வாசகர் ஊகிக்கக்கூடியவை. ஊகிக்கும் இரண்டு வழிகளுக்கும் வெளியே ஒன்று இருக்கிறதா என்று தேட வேண்டும், அதுவும் கதையில் ஏற்கெனவே உள்ள பொருட்களிலிருந்தே.

(ஈ) ஆடிப்பெருக்கன்று சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரும் மல்லிகா, விடுதலைப் பத்திரத்துக்குப் பதிலாகத் தன் பங்கை அம்மா பெயருக்குத் தானசெட்டில்மெண்டாக (குடும்பத்தில் ஒருவருக்கு விலை வாங்காமல் சொத்தை எழுதிவைக்கும் பத்திரம்) எழுதிவைக்கிறாள். பங்கு அவளிடம் இல்லை, அண்ணனுக்கும் போகவில்லை. தன் பங்கை மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்ட அம்மாவுக்கு அந்த வீட்டில் மறுபடியும் உரிமை வருகிறது. அம்மா கையெழுத்து இல்லாமல் வீட்டை முழுதாக விற்க முடியாது.

இதற்கு அவள் கொடுக்கும் விலை என்ன? மகள் படிப்புக்கு, அண்ணன் போட்ட அந்த 20 பவுனை விற்கிறாள். அண்ணன் கடனோடு நிற்கிறான், அவனும் பேச மாட்டான். விலை கொடுக்காத முடிவு முடிவாகாது.

சட்டம், மருத்துவம், அலுவலக நடைமுறை எதுவும் முடிவில் வந்தால் அதை இந்தக் கட்டத்திலேயே சரிபார்த்துவிட வேண்டும், எழுதி முடித்த பிறகு அல்ல. அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு, உயில் எழுதாமல் இறந்தார் என்றால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு (அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒன்று). பூர்வீகச் சொத்து என்று எழுதினால் கணக்கு வேறு. தமிழ்நாட்டுத் திருத்தம் 25-3-1989 முதல் மகள்களுக்கும் உரிமை கொடுத்தது, ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே மணமானவர்களை விலக்கிவைத்தது. 2005-ல் வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. கதை அந்தத் திருத்தத்துக்கு முன் நடப்பதானால், உங்கள் நாயகிக்குக் கல்யாணம் நடந்தது 1987-லா 1998-லா என்ற ஒரு விவரம் முழுக் கதையையும் திருப்பிவிடலாம். அதேபோல், பதிவின்போது ஆளைப் படம் எடுத்துக் கைரேகையும் வாங்குகிறார்கள். "அண்ணன் அவள் கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டான்" என்று ஒரு வரியில் தாண்டிவிட முடியாது. ஆள்மாறாட்டம் எப்படி நடந்தது என்று காட்சி வைக்க வேண்டியிருக்கும்.

4. சங்கிலியாகக் கோத்துவையுங்கள்

இதுதான் முழு வேலையின் நடுப்பகுதி. மூன்று நாள் மாலைகளை இதற்கே ஒதுக்குங்கள்.

முடிவு வரைக்குமான நிகழ்ச்சிகளைப் பன்னிரண்டு அட்டைகளில், அட்டைக்கு ஒரு வரியாக எழுதி வரிசையாக வையுங்கள். இரண்டு அட்டைகளுக்கு நடுவே எந்த இணைப்புச் சொல் பொருந்துகிறது என்று பாருங்கள். "ஆகையால்" அல்லது "ஆனால்" பொருந்தினால் சங்கிலி பிடித்திருக்கிறது. "அப்புறம்" மட்டும்தான் பொருந்துகிறது என்றால் அந்த இடத்தில் கதை அறுந்திருக்கிறது.

பெரும்பாலும் முதல் வரைவு இப்படி வரும்: அண்ணன் கையெழுத்துக் கேட்கிறான். அப்புறம் மகளுக்கு சீட் கிடைக்கிறது. அப்புறம் கணவனோடு சண்டை. அப்புறம் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது. அப்புறம் மல்லிகா சிறு வயதை நினைத்துப் பார்க்கிறாள். அப்புறம் பத்திரப் பதிவு. ஒவ்வொன்றும் தனியே நல்ல காட்சியாகலாம். ஆனால் இரண்டாவதையும் நான்காவதையும் இடம் மாற்றினாலும் ஒன்றும் கெடாது. இடம் மாற்றினால் எதுவும் கெடாத வரிசை, பின்னல் ஆகாது.

திருத்திய வரிசை:

தங்கராசு முன்பணம் ஐந்து லட்சம் வாங்கிக் கடனில் ஒரு பகுதியை அடைக்கிறான். ஆகையால் பழமும் புதுச் சேலையுமாகச் சிவகாசி வந்து கையெழுத்துக் கேட்கிறான். ஆனால் அதே வாரம் கவிதாவுக்கு சீட் உறுதியாகிறது, முதல் தவணை 80,000 ரூபாய். ஆகையால் மல்லிகா வாழ்க்கையில் முதல்முறையாக "எனக்கு என்ன வரும் அண்ணே?" என்று கேட்கிறாள். ஆகையால் அண்ணன் மகள் சடங்குக்கு அத்தைக்கு அழைப்பு வரவில்லை. ஆனால் அவள் அழைக்காமலே போய் நிற்கிறாள். ஆகையால் கூட்டத்தில் அம்மா தன் முகம் பார்க்கப் பயப்படுவதைக் காண்கிறாள். ஆகையால் சந்தேகம் வந்து வில்லங்கச் சான்று (சொத்தின்மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் சான்று) பார்க்கிறாள், அம்மா பங்கு ஏற்கெனவே அண்ணன் பெயரில். ஆகையால் வக்கீல் நோட்டீஸ் போகிறது. ஆகையால் தங்கராசு அம்மாவைப் பையோடு கொண்டுவந்து தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறான். ஆனால் மகள் வீட்டில் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, "என் வீட்டுக்கு எப்பப் போவேன்?" என்றே கேட்கிறாள். ஆகையால் மல்லிகா நகையை விற்றுக் கட்டணம் கட்டிவிட்டு, பணத்துக்காக முடிவெடுக்க வேண்டிய நெருக்கடி நீங்கியவளாக ஆடிப்பெருக்கன்று சாத்தூர் போகிறாள்.

சீட் வருவது மட்டும் அண்ணனின் செயலால் விளைந்ததல்ல, தானாக நிகழ்ந்தது. கதையின் முதல் கால்பகுதியில் அப்படி ஒன்றை வாசகர் பொறுத்துக்கொள்வார். அதன் பிறகு ஒவ்வொரு அட்டையும் யாரோ ஒருவர் எடுத்த முடிவின் விளைவாக இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை அட்டைகளில் முடிவெடுப்பவர் மல்லிகா என்றும் எண்ணுங்கள். பாதிக்குக் குறைந்தால் அவள் கதையில் வேடிக்கை பார்க்கிறாள். மேலே உள்ளதில் கேட்பது, அழையாமல் போவது, சான்று பார்ப்பது, நோட்டீஸ், நகை, கடைசிப் பத்திரம் என்று ஆறு அவளுடையவை. போதும்.

இன்னொன்று. வேண்டியது நடுவில் உருமாறியிருக்கிறது. பணம் கேட்டுப் புறப்பட்டவள் அம்மாவுக்கு ஒரு வாசல் வேண்டும் என்பதில் வந்து நிற்கிறாள். இந்த மாற்றத்தை எந்த அட்டையிலும் வசனமாக எழுத வேண்டாம். "அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது" என்று தொடங்கும் வாக்கியம் அட்டையில் வந்துவிட்டால், அதற்குமுன் ஒரு நிகழ்ச்சி குறைகிறது என்று பொருள்.

5. தப்பிக்கும் வழிகளை அடைத்துவிடுங்கள்

"இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம், இப்படிச் செஞ்சிருக்கலாமே?" என்று வாசகர் கேட்கக்கூடிய எல்லாவற்றையும் நோட்டில் பட்டியலிடுங்கள். நம் கதையில் குறைந்தது நான்கு.

கல்விக் கடன் வாங்கலாமே? கணவன் முன்பு வாங்கிய கடனில் தவணை தவறியிருக்கிறான், வங்கியில் கைவிரிக்கிறார்கள். அரைக் காட்சி போதும். நகையை அன்றே விற்றிருக்கலாமே? இதுதான் பெரிய ஓட்டை, ஏனென்றால் கடைசியில் அதைத்தான் செய்கிறாள். ஆகவே இரண்டாம் காட்சியிலேயே கணவன் நகையைக் கேட்க, அவள் மறுக்கும் இடம் வேண்டும். அது பிறந்த வீட்டில் அவளுக்கு மிஞ்சிய ஒரே சாட்சி. மறுப்பு எவ்வளவு கடுமையாக இருக்கிறதோ, பிற்பாடு விற்கும் காட்சிக்கு அவ்வளவு கனம் வரும். வில்லங்கச் சான்றைத் தமிழ்நாட்டில் இணையத்திலேயே கட்டணமில்லாமல் பார்க்கலாமே, முதல் நாளே ஏன் பார்க்கவில்லை? அண்ணன்மேல் சந்தேகமே வராததால். சடங்கு வீட்டில் அம்மாவின் முகம் தரும் சந்தேகம் ஆகையால் அவசியமாகிறது, அந்த அட்டையை எடுக்க முடியாது. அம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே? வீட்டில் உள்ள போன் அண்ணியின் கையில்.

கைபேசி வந்த பிறகு பாதிப் பழைய பின்னல்கள் செத்துவிட்டன என்றே சொல்லலாம். ஒரு அழைப்பில் தீரும் தவறான புரிதலை வைத்து 20 காட்சி ஓட்டாதீர்கள். "சார்ஜ் இல்லை" என்பதை ஒருமுறைக்கு மேல் யாரும் நம்பமாட்டார்கள்.

6. ஐந்து சந்தியில் பங்கிடுங்கள்

பன்னிரண்டு நிகழ்ச்சிகளை 20 காட்சிகளாக்கும்போது எதற்கு எவ்வளவு இடம் என்ற கேள்வி வரும். இதற்கு நம்மிடமே பழைய அளவுகோல் ஒன்று இருக்கிறது. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் நாடகத்தின் ஐந்து சந்திகளை, அதாவது கட்டங்களை, சொல்கிறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். உழுத நிலத்தில் இட்ட விதை முளைப்பது முகம், இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம், கருக்கொண்டு பொதிந்து நிற்பது கருப்பம், கதிர் முற்றுவது விளைவு, அறுத்துப் போரடித்துத் தூற்றிக் கொண்டுபோய் உண்பது துய்த்தல் என்று பயிரை வைத்து விளக்குகிறார்.

நம் 20 காட்சிக்கு 4, 4, 6, 4, 2 என்று பங்கிடலாம். இந்த எண்கள் உரையில் உள்ளவை அல்ல, வேலைக்காக நாம் வைத்துக்கொள்பவை. முகத்தின் நான்காம் காட்சி முடிவதற்குள் மல்லிகா பங்கைக் கேட்டிருக்க வேண்டும். பிரதிமுகத்தில் அழைப்பு மறுப்பு, அழையாமல் போவது. கருப்பத்தின் தொடக்கத்தில் வில்லங்கச் சான்று, முடிவில் அம்மா பையோடு வந்து இறங்குவது. விளைவில் அம்மாவின் பிடிவாதம், நகை, பதிவு. துய்த்தலுக்கு இரண்டே காட்சி: அலுவலக வாசலில் அண்ணனும் தங்கையும், பிறகு அம்மா சாத்தூர் வீட்டுக்குள் நுழைவது.

வழக்கமான கோளாறு முகம் வீங்குவது. அப்பா எப்படி வீடு கட்டினார், தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், மல்லிகா எந்தப் பள்ளியில் படித்தாள் என்று எட்டுக் காட்சி போய்விடும். முன்கதைக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: வாசகர் அதைக் கேட்கத் தொடங்கிய பிறகே சொல்வது. 20 பவுன் எப்படி வந்தது என்பது, கணவன் அதைக் கேட்டு அவள் மறுத்த பிறகுதான் சுவைக்கும்.

நடுப்பகுதி தொய்வதற்கும் காரணம் ஒன்றுதான் பெரும்பாலும். ஒரே தடை திரும்பத் திரும்ப வருகிறது: அண்ணன் கேட்கிறான், அவள் மறுக்கிறாள், மறுபடி கேட்கிறான். ஒவ்வொரு முறையும் தடையின் வகை மாற வேண்டும். நம் சங்கிலியில் முதலில் கெஞ்சல், பிறகு ஒதுக்கல், பிறகு ஏமாற்று, பிறகு அம்மாவைக் கொண்டுவந்து விடுவது. நான்கும் வேறு வேறு.

கிளைக்கதை ஒன்று போதும், கணவன் கதை. பங்குப் பணத்தில் சொந்தமாக ஒரு கட்டிங் மெஷின் போட அவனுக்கு ஆசை. கிளைக்கதை முதன்மைக் கதையைக் குறைந்தது இரண்டு இடத்தில் குறுக்கிட்டு அதன் போக்கை மாற்ற வேண்டும். இங்கே நகையைக் கேட்பது ஒன்று, வக்கீல் நோட்டீஸுக்குத் தூண்டுவது இன்னொன்று. எங்கும் குறுக்கிடாத கிளை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேறு கதைக்கு எடுத்துவையுங்கள்.

7. காட்சி அட்டை

இப்போது 20 அட்டை. ஒவ்வொன்றிலும் ஐந்து வரிகள்: நாளும் இடமும், யாருக்கு இந்தக் காட்சியில் என்ன வேண்டும், யார் மறிக்கிறார், முடிவு, வாசகருக்குப் புதிதாகத் தெரிவது.

முடிவு வரியில் "கிடைத்தது" அல்லது "கிடைக்கவில்லை" என்று மட்டும் நிறுத்தாதீர்கள். "கிடைத்தது, ஆனால்…" அல்லது "கிடைக்கவில்லை, மேலும்…" என்று வர வேண்டும். ஒன்பதாம் காட்சி இப்படி: ஜூன் கடைசி, இன்டர்நெட் சென்டர். மல்லிகாவுக்கு வீடு அப்பா பெயரிலேயே இருக்கிறது என்று உறுதிசெய்ய வேண்டும். மறிப்பவர்: விவரம் சரியாகத் தெரியாமல் தடுமாறும் அவளே, பொறுமையிழக்கும் கடைக்காரப் பையன். கிடைத்தது, ஆனால் அம்மாவின் விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்கிறது. புதிது: அண்ணன் அம்மாவிடம் போன மாதமே கையெழுத்து வாங்கிவிட்டான்.

ஐந்து வரியும் நிரம்பாத அட்டைகளைப் பக்கத்து அட்டையோடு சேர்த்துவிடுங்கள். "மல்லிகா ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிக்கிறாள்" என்ற அட்டைக்கு இரண்டாவது வரியே நிரம்பாது.

8. முன்கூட்டி ஊன்றுவதும் தற்செயலும்

பதிவுக் காட்சியில் தானசெட்டில்மெண்ட் என்ற வழி திடீரென்று முளைத்தால் வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். ஆகவே ஏழாவது எட்டாவது காட்சியிலேயே பத்திர எழுத்தர் ஒருவர், வேறு யாருக்கோ பத்திரம் எழுதிக்கொண்டே, "விடுதலைன்னா கூட்டுக்காரருக்குத்தான். அம்மாவுக்குக் கொடுக்கணும்னா செட்டில்மெண்ட் எழுதிக்கலாம்" என்று சொல்லட்டும். ஊன்றும் இடத்துக்கும் பயன்படும் இடத்துக்கும் நடுவே ஐந்தாறு காட்சியாவது இருக்கட்டும். ஊன்றும்போது வாசகரின் கவனம் வேறு எதிலாவது, இங்கே மல்லிகாவுக்குப் பஸ் போய்விடுமோ என்ற பதற்றத்தில், இருக்க வேண்டும். அந்த வசனத்தைப் பத்தியின் கடைசி வரியாக வைக்காதீர்கள். கடைசி வரி எப்போதும் உரக்கக் கேட்கும்.

தற்செயல் கூடவே கூடாது என்பவர்கள் சிலப்பதிகாரத்தைத் திரும்பப் படிக்கலாம். மதுரையில் இத்தனை பேர் இருக்க, கோவலன் சிலம்பை விலைமதிக்கச் சொல்லிக் கேட்பது, அரசியின் சிலம்பைத் திருடிவைத்திருக்கும் அதே பொற்கொல்லனிடம். முழுத் தற்செயல். யாரும் முகம் சுளிப்பதில்லை, ஏனென்றால் அது கோவலனைச் சிக்கலில் தள்ளுகிறது. தற்செயலால் தள்ளலாம், தற்செயலால் மீட்கக்கூடாது. அதோடு இளங்கோ அங்கே நிறுத்தவில்லை. அரசன் விசாரிக்காமல் ஆணையிட்டதற்குக் காரணம் வைத்திருக்கிறார்: ஊடிப் போன தேவியைத் தணிக்க விரைந்துகொண்டிருந்தவனைப் பொற்கொல்லன் வழியில் பிடிக்கிறான். தற்செயலின் மேல் உடனே ஒரு மனிதக் காரணம் வந்து அமர்ந்துவிடுகிறது. கடைசியில் உண்மையை நிறுவுவதும் தற்செயல் இல்லை, அந்தப் பொருளிலேயே இருந்தது: கண்ணகி சிலம்பில் மாணிக்கப் பரல், அரசியினுடையதில் முத்து.

சிலப்பதிகாரத்தின் தொடக்கமான பதிகத்திலேயே கதை முழுதும் சொல்லப்பட்டுவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். முடிவை ஒளித்துவைப்பதில்தான் பின்னலின் பலம் என்று நினைப்பவர்கள் திருப்பங்களைத் தேடி அலைந்து, காரணங்களைக் கோட்டைவிடுகிறார்கள்.

9. நாள் கணக்கு, பணக் கணக்கு

நோட்டில் நான்கு பத்தி போட்டு ஒரு அட்டவணை: காட்சி எண், தேதியும் கிழமையும், அப்போது யார் எங்கே, கையில் எவ்வளவு பணம். அலுப்பான வேலை, அரை நாளில் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வங்கிக்குப் போவது, ஆடியில் கல்யாணம் வைப்பது, மூன்றாம் காட்சியில் எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தவள் ஐந்து மாதம் கழித்தும் கர்ப்பிணியாகவே வருவது போன்றவை இங்கேதான் பிடிபடும். குடும்பக் கதையில் பணத்தைத் தோராயமாக விடாதீர்கள். ஐந்து லட்சம் முன்பணத்தில் எவ்வளவு செலவாகிவிட்டது என்று தெரிந்தால்தான் ஒப்பந்தம் முறியும்போது தங்கராசு எவ்வளவு தவிப்பான் என்று உங்களுக்கே தெரியும்.

10. எழுதும் முன் மூன்று சோதனை

கதையைப் பழக்கமான ஒருவருக்கு ஐந்து நிமிடத்தில் வாயால் சொல்லுங்கள், அட்டை பார்க்காமல். எங்கே "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்று பின்னால் போகிறீர்களோ அங்கே ஊன்றவேண்டியது ஒன்று விடுபட்டிருக்கிறது. எங்கே கேட்பவர் கைபேசியை எடுக்கிறாரோ அந்த அட்டைகளில் தடை திரும்ப வந்திருக்கிறது.

அடுத்து, கடைசி அட்டையிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள், ஒவ்வொன்றிலும் "இது ஏன் நடந்தது?" என்று கேட்டபடி. விடை அதற்கு முந்தைய அட்டைகளில் ஒன்றில் இருக்க வேண்டும், உங்கள் மனதில் அல்ல. பிறகு கண்ணை மூடி ஏதாவது ஒரு அட்டையை உருவி எடுத்துவிடுங்கள். மிச்சக் கதை அப்படியே நிற்கிறதென்றால் அது வேண்டாத அட்டை. ஐந்து முறை செய்து பார்த்தால் ஒன்றாவது சிக்கும்.

இதெல்லாம் முடிந்து எழுத உட்காரும்போது, ஐந்தாம் காட்சிக்குள் ஒரு பாத்திரம் அட்டையில் உள்ளபடி நடக்க மறுக்கும். பெரும்பாலும் பாத்திரத்தின் பக்கம்தான் நியாயம் இருக்கும். அண்ணி எழுத எழுத மல்லிகாமேல் இரக்கம் உள்ளவளாக மாறிவிட்டாள் என்றால், போனை அவள் கொடுத்துவிடுவாளே? அப்படியானால் அம்மாவைப் பேசவிடாமல் தடுப்பது வேறு ஒன்றாக வேண்டும்: அம்மாவின் காது மந்தம், அல்லது பேசவே கூடாது என்று அம்மா தானே எடுத்த முடிவு. இரண்டாவதுதான் நல்லது, அது இன்னொரு "ஆகையால்". எழுதுவதை நிறுத்திவிட்டு, அன்றைக்கே மீதி 15 அட்டைகளைத் தரையில் பரப்பி, அந்த மாற்றம் தொடும் அட்டைகளை மட்டும் புதிதாக எழுதுங்கள். ஏற்கெனவே எழுதிய முதல் ஐந்து காட்சிகளைத் திருத்த இப்போது திரும்பிப் போகவேண்டாம். ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டு ஆறாவதைத் தொடங்குங்கள்.